மாசு அமரும் இடம்

மாணிக்கத்தின் சிவப்பு அலுமினியம் ஆக்சைடுக்குச் சொந்தமானதல்ல. சுத்தமான அலுமினியம் ஆக்சைடுப் படிகத்துக்கு நிறமே கிடையாது. அதில் நூறு அலுமினிய அணுக்களுக்கு ஒன்று, பல கற்களில் அதைவிடவும் குறைவாக, குரோமியம் வந்து உட்கார்ந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து உட்கார்ந்தால் நீலம். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும்போது இரத்தினக் கடைத்தெரு வருகிறது. மணிகளின் குற்றமும் குணமும் அங்கே விரிவாகப் பேசப்படுகின்றன. குற்றமே இல்லாத கல்லைத் தேடுகிறவரிடம் ஒரு வேதியியல் ஆசிரியர் சொல்லக்கூடியது இதுதான்: அந்நியமான எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் சுத்தமான மாணிக்கம் மிஞ்சாது. மாணிக்கமே மிஞ்சாது.

இது எனக்கு வெறும் வேதியியல் செய்தியாக இருந்ததில்லை. மலம் நீங்குவதே உயிரின் பயணம் என்று நம்புகிற வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு சைவ சித்தாந்த வகுப்புக்கு மாணவராகப் போகத் தொடங்கினார். ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். என் ஆய்வு உலோக ஆக்சைடுகளின் மெல்லிய படலங்களில் வேண்டுமென்றே அந்நிய அணுவைச் சேர்ப்பது பற்றியது. இதை ஆய்வுக்கூடத்தில் டோப்பிங் என்போம்; தமிழ்ப் பாடப் புத்தகம் மாசூட்டல் என்கிறது. ஒருவர் மாசை நீக்க நூல் படிக்கிறார், இன்னொருத்தி மாசைச் சேர்க்கச் சம்பளம் வாங்குகிறாள். ஒரே கூரைக்குக் கீழே இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்பதை நான் யோசித்தே ஆகவேண்டியிருந்தது.

வேலை பார்க்க எளியது. துத்தநாக அசிட்டேட்டை மெத்தனாலும் நீரும் கலந்த திரவத்தில் கரைத்து, கலங்கல் தெளிவதற்கு அசெட்டிக் அமிலம் சில துளி விடுவோம். ஹாட் பிளேட்டின் மேல் 400 முதல் 450 டிகிரி சூட்டில் கண்ணாடி ஸ்லைடு இருக்கும். அதன் மேல் கரைசலை நுண்துளிகளாகத் தூவினால், அசிட்டேட் சிதைந்து போய், துத்தநாக ஆக்சைடு ஒரு படலமாகப் படியும். தடிமன் சில நூறு நானோமீட்டர்தான். அதற்குள் 20, 30 நானோமீட்டர் அளவுள்ள நுண்படிகங்கள் நெருக்கமாக நிற்கும். மாசூட்ட வேண்டுமென்றால் அதே கரைசலில் கொஞ்சம் அலுமினியம் குளோரைடு.

துத்தநாகம் உட்கார வேண்டிய இடத்தில் அலுமினியம் உட்காரும்போது நடப்பது இது. அந்த இடம் கேட்பது இரண்டு எலக்ட்ரான். அலுமினியத்திடம் இருப்பது மூன்று. மூன்றாவது எலக்ட்ரானுக்கு வேலை இல்லை. அது படிகம் முழுவதும் சுற்றக் கிளம்பிவிடும். துத்தநாக ஆக்சைடில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4×10²² துத்தநாக அணுக்கள் இருக்கின்றன. நூற்றுக்கு இரண்டை மாற்றினால் கிட்டத்தட்ட 8×10²⁰ எலக்ட்ரான்கள் விடுதலையாக வழி உண்டு. படலத்தின் மின்தடை சரிந்து விழும். ஆனால் கண்ணாடி கண்ணாடியாகவே தெரியும். துத்தநாக ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அதைத் தாண்டும் வலு இல்லை, அதனால் ஒளி தடையின்றி ஊடுருவிப் போகும். இன்னும் ஒரு விந்தை: விடுதலையான எலக்ட்ரான்கள் அந்த இடைவெளிக்கு மேலுள்ள ஆற்றல் பட்டையின் அடிப்பகுதியை நிரப்பிவிடுவதால், புதிதாக ஒரு எலக்ட்ரான் மேலே ஏற வேண்டுமானால் இன்னும் அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. மாசூட்டிய படலம் புற ஊதாப் பக்கமும் கொஞ்சம் கூடுதலாக ஒளியை ஊடுருவ விடுகிறது. பர்ஸ்டீனும் மாஸும் 1954இல் விளக்கிய விளைவு இது. அந்நியம் நுழைந்ததால் ஒரு பொருள் கூடுதல் தெளிவு பெறுகிறது என்பதை முதன்முதலாக ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தபோது, இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது.

அவரை ஒரு விடுமுறை நாளில் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். மாசூட்டாத ஸ்லைடையும் மாசூட்டியதையும் மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மல்டிமீட்டரின் முனைகளை வைத்துக் காட்டினேன்.

“ஏம்மா, இதுல செம்பு எது, களிம்பு எது?” என்றார்.

செம்பில் களிம்பு, நெல்லில் உமி: ஆணவ மலம் உயிரோடு என்று சேர்ந்தது என்று கேட்டால், சேர்ந்தது என்று ஒரு நாளே இல்லை, அநாதியாகவே உடன் இருக்கிறது என்பதற்குச் சித்தாந்தம் சொல்லும் உவமைகள் இவை.

“துத்தநாக ஆக்சைடு செம்புன்னா அலுமினியம் களிம்புப்பா.”

“களிம்பு போனா செம்பு மின்னணும். உன்னோடதுல களிம்பு போனா கரண்டே நின்னுபோகுதே. அப்ப நீ களிம்புன்னு சொல்றது களிம்பில்ல.”

அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. உவமை பொருந்தவில்லை என்றால் எங்கே பொருந்தவில்லை என்று பார்க்க வேண்டும்.

ஓரிடத்தில் அது அசாதாரணமாகப் பொருந்துகிறது. குறையே இல்லாத படிகம் என்று ஒன்று இயற்கையில் கிடையாது. ரஷ்ய இயற்பியலாளர் ஃப்ரெங்கல் 1926இலும், வாக்னரும் ஷாட்கியும் 1930இலும் இதை நிறுவினார்கள். ஒரு படிகத்தில் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதற்கு ஆற்றல் செலவாகும். ஆனால் அந்தக் காலியிடம் எங்கு வேண்டுமானாலும் அமையலாம் என்ற எண்ணற்ற வாய்ப்புகள் அந்தச் செலவை ஈடுகட்டிவிடும். சுழி கெல்வினுக்கு மேல் எந்த வெப்பநிலையிலும் குறை இருப்பதுதான் சமநிலை. உருகுநிலையை நெருங்கிய செம்பில் ஏறத்தாழ பத்தாயிரம் இடங்களுக்கு ஒன்று காலியாக இருக்கும். யாரும் கெடுக்கவில்லை, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. அது செம்பாக இருப்பதன் ஒரு பகுதி. சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபு ஆணவத்தைப் பற்றிச் சொல்வதை இதைவிட நெருக்கமாகச் சொல்லும் இயற்பியல் எனக்குத் தெரியாது.

துத்தநாக ஆக்சைடின் கதை இன்னும் கூர்மையானது. எதையும் சேர்க்காத துத்தநாக ஆக்சைடும் ஓரளவு மின்சாரம் கடத்தும், அதுவும் எப்போதும் எலக்ட்ரான்களைக் கொண்டே. ஆக்சிஜன் குறைவதுதான் காரணம் என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2000இல் வான் டி வாலே தம் கணக்கீடுகளின் வழியே வேறொன்றைக் காட்டினார். ஹைட்ரஜன் இந்தப் படிகத்துக்குள் எப்போதும் எலக்ட்ரானைக் கொடுப்பதாகவே நடந்துகொள்ளும். ஹைட்ரஜன் இல்லாத ஆய்வுக்கூடம் ஏது? கரைசலின் நீரில் இருக்கிறது, காற்றின் ஈரத்தில் இருக்கிறது. தூயது என்று பெயரெழுதி வைத்த ஸ்லைடு ஏற்கெனவே மாசூட்டப்பட்டிருக்கக்கூடும் என்று ஆயிற்று. ஆணவத்தின் முதல் வேலை தான் இருப்பதைத் தெரியவிடாமல் செய்வது என்று அப்பாவின் வகுப்பில் சொல்வார்களாம்.

பொருந்தாத இடம் எது? மலம் என்றாலே மறைப்பது, தடுப்பது என்று எடுத்துக்கொள்வதுதான். பக்தி இலக்கியத்தைப் பாராயணமாகக் கேட்டு வளரும் நமக்குத் தூய்மை என்பது காலியாக்குவது என்று பதிந்துவிட்டது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டால் கடைசியில் ஒளி. ஆனால் ஓர் அந்நிய அணு தீமையா நன்மையா என்பது அந்த அணுவில் எழுதியிருப்பதில்லை. மாணிக்கத்தைச் சிவப்பாக்கும் அதே குரோமியம்தான் பெரும்பாலான மரகதங்களைப் பச்சையாக்குகிறது. இரண்டிலும் அது அலுமினியத்தின் இடத்தில்தான் உட்கார்கிறது. சுற்றியிருக்கும் ஆக்சிஜன்கள் அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்பது மாறுகிறது, நிறமே மாறிவிடுகிறது. துத்தநாக ஆக்சைடில் லித்தியம் இன்னும் வியப்பானது. துத்தநாகத்தின் இடத்தில் உட்கார்ந்தால் எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும். அணுக்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் போய் ஒதுங்கினால் எலக்ட்ரானைக் கொடுக்கும். ஒரே தனிமம், ஒரே படிகம், நேர் எதிரான இரண்டு குணங்கள்.

சித்தாந்தத்துக்குப் பிரியமான இன்னோர் உவமை பளிங்கு. அருகில் வைத்த பொருளின் நிறத்தைப் பளிங்கு காட்டுவதுபோல உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது. சாங்கியர்களும் செம்பருத்தியையும் பளிங்கையும் வைத்து இதே வழியில் பேசுவார்கள். பூவை எடுத்துவிட்டால் பளிங்கு பழையபடி. இந்த உவமைமேல் எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. பூ வெளியே இருக்கிறது. என் படலத்தில் அலுமினியம் வெளியே இல்லை. எக்ஸ் கதிர் எடுத்துப் பார்த்தால் 34.4 டிகிரி பக்கத்தில் வரும் பீக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். வந்தவர் உருவில் சிறியவர், அதனால் வீடே கொஞ்சம் சுருங்கிக்கொண்டது. சார்பு என்பது வெறும் நிழலாட்டம் என்றால் ஒரு துயரம் மனிதரை மாற்றிவிட்டுப் போவதை எப்படி விளக்குவது? என் தம்பியின் மரணத்துக்குப் பிறகு என் அம்மா வேறு ஆளானாள். அது அவள்மேல் விழுந்த நிறம் இல்லை, அவளுடைய அணுக்களின் இடைவெளியே மாறிப்போனது. அதற்குப் பின் அவளிடம் வந்த பொறுமையும், பிறர் வீட்டுத் துக்கத்தில் முதல் ஆளாகப் போய் நிற்கும் குணமும் அந்த மாற்றத்தின் பிள்ளைகள். துக்கம் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அதை எடுத்துவிட்டுப் பழைய அம்மாவைக் காட்ட முடியும் என்றும் சொல்லமாட்டேன்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாசைக் கொண்டாடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். “கூட போட்டா கூட ஓடணும்ல மேடம்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். ஓடாது. இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டினால் படிகம் அலுமினியத்தை உள்ளே இடம் கொடுத்து ஏற்பதில்லை. அது நுண்படிகங்களின் எல்லைகளில் ஒதுங்கி, ஆக்சிஜனோடு சேர்ந்து மின்சாரம் கடத்தாத சுவர்களாக நின்றுவிடும். நானோ அளவுப் படலத்தில் எல்லைகள் மிக அதிகம் என்பதால் கேடும் அதிகம். உள்ளே சரியாக உட்கார்ந்த அலுமினியமும் செலவில்லாமல் தானம் செய்வதில்லை. எலக்ட்ரானைக் கொடுத்தபின் அது நேர்மின் ஏற்றத்தோடு நிற்கிறது. ஓடுகிற எலக்ட்ரான்களை இழுத்துத் திசை திருப்புகிறது. டைட்டானியம் டை ஆக்சைடில் நைட்ரஜனைச் சேர்த்தால் புற ஊதாவுக்கு மட்டும் இசைந்த பொருள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் இசைகிறது என்று 2001இல் அசாஹியும் குழுவினரும் காட்டினார்கள். ஆனால் மாசு அமர்ந்த அதே இடங்களில், ஒளி பிரித்துவைத்த மின்னூட்டங்கள் வேலை செய்வதற்குள் ஒன்றையொன்று சந்தித்து அழிந்துபோவதும் உண்டு.

துத்தநாக ஆக்சைடை எதிர்வழியில் மாற்ற, அதாவது எலக்ட்ரானுக்குப் பதில், எலக்ட்ரான் இல்லாத இடங்களான துளைகள் ஓடும்படி செய்ய, உலகம் முழுவதும் முயன்றிருக்கிறார்கள். நைட்ரஜன், லித்தியம், பாஸ்பரஸ் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஜப்பானில் 2005இல் ஒளி உமிழும் டயோடு வரை போனார்கள். ஆனாலும் நம்பி மறுபடி மறுபடி செய்யக்கூடிய வழி இன்னும் அமையவில்லை. எலக்ட்ரானைப் பிடிக்கும் அணுவைப் போடப் போட, படிகம் எலக்ட்ரானைக் கொடுக்கும் குறைகளைத் தனக்குள் தானே உண்டாக்கி, போட்டதை ஈடுகட்டிவிடுகிறது. எதையும் எதுவாகவும் ஆக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் படிகத்தோடு கொஞ்சக் காலம் பழக வேண்டும்.

மாசு ஒரு கருவியாக முடியும் என்ற எண்ணம் சித்தாந்தத்துக்குப் புதிதல்ல என்பதை அப்பாதான் எனக்குக் காட்டினார். சிவஞான சித்தியாரில் ஒரு கேள்வி வருகிறது: உடலும் கரணங்களும் மலம் என்றால், மலத்தைக் கொண்டே மலத்தை இறைவன் கழுவுவது எப்படி? விடைக்கு, நூலை எழுதிய அருணந்தி சிவாச்சாரியார் வண்ணார் துறைக்குப் போகிறார். சாணியும் உவர்மண்ணும் ஏற்றித்தானே துணியின் அழுக்கை எடுக்கிறார்கள். அதுபோல மாயையைக் கொண்டு ஆணவத்தை. படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ஸ்பியரும் லெகோம்பரும் ஒழுங்கற்ற சிலிக்கன் படலத்தில் மாசூட்டிக் காட்டினார்கள். அது முடியாது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள், ஏனென்றால் அதில் அறுந்து தொங்கும் பிணைப்புகள் எந்த எலக்ட்ரானையும் விழுங்கிவிடும். அந்தப் பிணைப்புகளில் போய் அமர்ந்து அவற்றை அடக்கியது ஹைட்ரஜன். மலத்தால் மலம். அறுந்த இடங்கள் அழியவில்லை. அவற்றின் சக்தி அடங்கியது. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டும் அடங்குகிறது என்பதும் சித்தாந்தம்தான். ஒரு வேறுபாடும் உண்டு. சாணியும் உவரும் கடைசியில் நீரோடு போய்விடும், ஹைட்ரஜன் போகாது. சிலிக்கனின் நலமே அது அங்கு தங்குவதில் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின் இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்: மாசூட்டுவதற்கு முன் சுத்தம் செய்தாக வேண்டும். 1931இல் பவுலி தம் நண்பர் பையர்ல்ஸுக்கு எழுதிய கடிதத்தில் குறைகடத்திகள் பக்கமே போகாதே, அது ஓர் அசுத்தக் களம் என்று எரிச்சலோடு எச்சரித்தார். அதே ஆண்டு ஆலன் வில்சன் அந்த அசுத்தத்துக்கே கோட்பாடு எழுதினார். ஆனால் வில்சனின் கோட்பாடு கைக்கு வந்தது, 1950களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் ஃபான் ஜெர்மானியத்தை ஆயிரம் கோடியில் ஒரு அந்நிய அணு என்ற அளவுக்குச் சுத்தப்படுத்திய பிறகு. எங்கள் வேலையிலும் பாதி நேரம் ஸ்லைடு கழுவுவதில்தான் போகிறது. கழுவினாலும் சாதாரணக் கண்ணாடியில் இருக்கும் சோடியம் சூட்டில் மெல்ல மேலேறிப் படலத்துக்குள் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்கு எதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதும் தெரியாது. நோன்பும் மௌனமும் ஜெபமும் இந்தக் கழுவுதல்தான் என்று எனக்குப் படுகிறது. அவற்றை நான் கைவிடவில்லை.

தூய்மை என்ற சொல்லை வைத்து நம் ஊர்கள் மனிதர்களுக்குச் செய்ததை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேசக் கூடாது. டீக்கடையில் தனிக் குவளை வைத்ததும், கோயில் வாசலில் நிறுத்தியதும் தூய்மையின் பெயரால்தான். இதைக் கேட்டதும் சிலர் நல்ல மனத்தோடு, கலப்புதான் சமூகத்துக்கும் வலிமை, படலத்தைப் பாருங்கள் என்று என் வேலையையே உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மனிதரை இன்னொருவரின் படிகத்துக்குள் வந்த அந்நிய அணுவாகப் பார்ப்பது, அதைப் பாராட்டிச் சொன்னாலும், அவரை வெளியாளாகவே நிறுத்துகிறது. மலம் என்று நூல்கள் சொல்வது ஒவ்வொரு உயிரின் உள்ளேயும் இருப்பதை. தெருவில் நிற்கும் எந்த மனிதரையும் அல்ல.

காளத்தியில், பின்னர் கண்ணப்பரான திண்ணனார் வாயில் நீரைக் கொண்டுவந்து ஆட்டினார், தலையில் செருகி வந்த பூவைச் சூட்டினார், தாமே சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைத்தார். அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார் மறுநாள் வந்து அத்தனையையும் அலம்பிச் சுத்தம் செய்தார். இதைப் பாடிய சேக்கிழார் இருவரையும் இழிவுபடுத்தவில்லை; சிவகோசரியாரின் சுத்தமும் பக்திதான். ஆனால் இறைவன் அவர் கனவில் வந்து சொல்வது திண்ணனாரின் எச்சிலைப் பற்றி. அந்த எச்சில் எங்கோ தெருவில் விழுந்திருந்தால் எச்சில்தான். அன்பில் அது அமர்ந்த இடம் வேறு.

இங்கிருந்துதான் அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் தீராத வழக்கு. சித்தாந்தத்தில் முத்தி பெற்ற உயிர் இறைவனோடு கலந்து காணாமல் போவதில்லை. இரண்டறக் கூடியும் தானாக இருந்தே இன்பம் நுகர்கிறது. அப்படியானால் முத்தி பெற்ற இரண்டு உயிர்களை எது வேறுபடுத்துகிறது? நிறமற்ற இரண்டு அலுமினியம் ஆக்சைடுப் படிகங்களை அடுத்தடுத்து வைத்தால் எது எதுவென்று சொல்ல வழியில்லை. மாணிக்கத்தில் வழி உண்டு. பர்மாவின் மோகோக்கில் சலவைக்கல் பாறையில் பிறந்த கல்லில் இரும்பு மிகக் குறைவு, புற ஊதா விளக்கில் கனல்போல் ஒளிரும்; தாய்லாந்தின் எரிமலைப் பாறை வழி வந்த கல்லில் இரும்பு கூடுதல், அந்த ஒளிர்வு மங்கல். பிறந்த ஊர் மாசில் எழுதியிருக்கிறது. முத்தியிலும் ஆணவம் அழியாமல் அடங்கி இருக்கிறது என்று நூல் சொல்வதற்கு, உள்ளது அழியாது என்ற தர்க்கம்தான் காரணமாகக் காட்டப்படுகிறது. எனக்கு அதற்கு இன்னொரு பயனும் இருக்கும் என்று தோன்றுகிறது: அடங்கிய அந்தச் சுவடு இருப்பதால்தான் கண்ணப்பர் கண்ணப்பராகவும் அப்பர் அப்பராகவும் நிற்கிறார்கள்.

அப்பா இதை ஏற்கவில்லை. “உயிர்கள் இயல்பாவே பலம்மா. அதுக்கு மலத்தோட தயவு வேண்டாம். பிரகாரத்துல அறுபத்து மூணு நாயன்மாரும் தனித்தனியாத்தானே நிக்கறாங்க?”

“அறுபத்து மூணுங்கறது எண்ணிக்கைப்பா. கையில வில்லோட நிக்கறவரை எண்ணிக்கையாலயா அடையாளம் கண்டுக்கறோம்?”

அதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. சித்தியாரின் சுபக்கத்தில் இதற்கு விடை இருக்க வேண்டும் என்கிறார். முத்தி நிலை பற்றிய சூத்திரங்களை இருவருமாக முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.